சிறுமூளைக்கு இரண்டு சொற்கள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மூளையின் பாகங்கள் குறித்துத் தங்கள் இதழில் வெளியான விளக்கப்படத்தில் பெருமூளைக்கு அரைப் பக்கம். சிறுமூளைக்கோ 'உடல் சமநிலை' என்ற இரண்டே சொற்கள். எடையில் அது மூளையின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறத்தாழ 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன.

கையை நீட்டு என்று கட்டளையிடுவது பெருமூளை. எவ்வளவு தூரம், என்ன வேகம், எங்கே நிறுத்துவது என்று திருத்திக்கொண்டே இருப்பது சிறுமூளை. அது பழுதானால் கை செயலிழக்காது. மூக்கைத் தொடச் சொன்னால் விரல் நடுங்கி, இலக்கைத் தாண்டிப் போகும். காலை அகட்டி வைத்துத் தள்ளாடுவார்கள், நாக்குக் குழறும். குடித்திருக்கிறார் என்று பார்ப்பவர்கள் எண்ணிவிடுவதும் உண்டு (மது தாக்குவதும் இதே இடத்தைத்தான்). பெருமூளைப் பாதிப்பு உடலின் எதிர்ப்பக்கத்தில் தெரியும். சிறுமூளைப் பாதிப்பு அதே பக்கத்தில்.

பக்கவாதம் என்றால் வாய் கோணும், கை தளரும் என்று மட்டும் படம் சொல்வதுதான் கவலை தருகிறது. சிறுமூளையில் ரத்தக்குழாய் அடைபட்டால் திடீர்த் தலைசுற்றல், வாந்தி, நிற்க முடியாமை மட்டுமே இருக்கலாம். தொடக்கத்தில் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் அது தெரியாமலும் போகலாம், எம்.ஆர்.ஐ. மேலானது. அடுத்த சில நாள்களில் வீக்கம் கூடினால் முன்னே இருக்கும் மூளைத்தண்டு நசுங்கும். மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்தும் முகுளம் அதன் அடிப்பகுதியில்தான் இருக்கிறது.

– உடற்கூறியல் ஆசிரியர்கள் சிலர்