கொடித்தோடை ஏன் காய்க்கவில்லை என்றால்

ஓரிகன், அமெரிக்கா
ஆனி 5

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. வாசித்து மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். சித்திரையில் தொடங்கினால் புரட்டாதி வரை பகலெல்லாம் காட்டு வேலை, இரவில் மேசை வேலை. தொலைபேசியில் "சாப்பிட்டாயா" என்று நீங்கள் கேட்டு, "ஓம்" என்று நான் சொல்வதற்குள் நேரம் போய்விடுகிறது.

சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அக்கா தந்துவிட்ட மிளகாய்த்தூள் இன்னும் கால் போத்தல் இருக்கிறது. கரண்டி போடாமல் விரல் நுனியால் எடுக்கிறேன். புட்டுக்குழல் கிடைக்காததால் துணியில் கட்டி அவிக்கிறேன், நன்றாகவே வருகிறது. குளிர்தான் ஆனியிலும் விடவில்லை. தேனீக்களும் அப்படித்தான், வெயில் ஏறிப் பத்து மணியானால்தான் வெளியே தலை காட்டும்.

"தேன் எடுக்கிற வேலைதானே, ஒரு போத்தல் அனுப்பக்கூடாதா" என்று கேட்டிருந்தீர்கள். அம்மா, இங்கே கூடு கட்டித் தேன் சேர்க்கும் தேனீ, ஐரோப்பியர் கப்பலில் கொண்டுவந்தது. இந்த மண்ணுக்கே உரிய தேனீக்களில் பெரும்பாலானவை தனியாக வாழ்பவை. தாய் ஒருத்தியே மண்ணில் துளை தோண்டி, மகரந்தத்தை உருட்டி வைத்து, அதன்மேல் ஒரு முட்டை இட்டு, அந்த அறையின் வாயை மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். பிள்ளை வெளியே வருவதற்குள் அவள் காலம் முடிந்துவிடும். வெருகல் பக்கத்திலிருந்து போத்தலில் தேன் கொண்டுவருவாரே அந்த ஐயா, அவரிடம் சொன்னால் நம்பமாட்டார்.

காடு என்றதும் யானைக்காடு என்று பயப்படாதீர்கள். தம்பலகாமத்தில் நெல் விதைத்து அறுப்பதுபோல, இங்கே டக்ளஸ் ஃபிர் என்ற மரத்தை நட்டு 40, 50 ஆண்டில் வெட்டுகிறார்கள். வெட்டினால் இரண்டு ஆண்டுக்குள் மறுபடி நட வேண்டும் என்பது சட்டம். வெட்டிய நிலத்தை முதலில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆனால் வெயில் விழும் அந்த முதல் சில ஆண்டுகளில்தான் அங்கே பூ பூக்கிறது, தேனீயும் வருகிறது. மரங்கள் உயர்ந்து கிளை கோத்துக்கொண்டால் இரண்டும் குறைந்துவிடும். எந்த வயதுக் காட்டில் எந்தெந்த இனம், எத்தனை என்று எண்ணுவதே எங்கள் வேலை.

எண்ணுவதற்குப் பிடிக்க வேண்டும். மஞ்சள் போத்தலின் மேல் நீலத் தகடுகள் குறுக்காகச் செருகிய பொறி, அந்த நீலத்துக்குத் தேனீ வரும். சவர்க்கார நீர் விட்ட சிறு கிண்ணங்களும் வைப்போம். பாவமில்லையா என்று கேட்பீர்கள். பாவம்தான் அம்மா. நுணுக்குக்காட்டியில் பார்க்காமல் பெயர் சொல்லமுடியாத இனங்கள் நிறைய இருப்பதால் வேறு வழியில்லை. இரவில் அவற்றைக் கழுவி, தலைமுடி உலர்த்தும் இயந்திரத்தால் மெல்லக் காற்று விடுவேன். நனைந்த பஞ்சுபோல் ஒட்டிக்கிடந்த மயிர் ஒவ்வொன்றாக நிமிரும். பச்சை உடம்பு மரகதக் கல்லைப்போல் மினுங்கும்.

பிறகு ஊசியில் குத்தி, நெல்மணி அளவு எழுத்தில் ஒரு சீட்டு. இடம், நாள், பிடித்தவர் பெயர். என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்தும் வருகிறது. நூறு ஆண்டு கழித்தும் அந்தச் சீட்டு இருக்கும் என்கிறார்கள். கன்னியாவில் அப்பாவின் அந்தியேட்டிக்கு நான் இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் அந்த எழுத்தை நானே எழுதுகிறேன்.

இந்த எண்ணிக்கை எதற்கென்று மாமா கேட்டாராம். ஓரிகனின் தெற்கிலும் கலிஃபோர்னியாவின் வடக்கிலும் மட்டும் வாழ்ந்த ஒரு பெருந்தேனீ (பம்பிள்பீ) இனத்தை ராபின் தோர்ப் என்ற பேராசிரியர் ஆண்டுதோறும் தேடிப் போனார். 2006இல் ஒன்றே ஒன்றைக் கண்டார். அதன்பின் எவர் கண்ணிலும் அது படவில்லை. அவர் எண்ணிவைத்திருக்காவிட்டால் அது போனதே யாருக்கும் தெரிந்திருக்காது. மாமாவிடம் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு முதியவர், முப்பது வருடம் மரம் வெட்டியவர், காது மந்தம். மரக்கட்டையில் துளையிட்டுத் தேனீக்கு வீடு செய்து, மாலையில் கதிரை போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். நீலக்கருப்புத் தேனீக்கள் சேறு கொண்டுவந்து துளையை அடைக்கும். மாரியில் அந்தக் கூடுகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தார். எனக்குச் சமன் மீன் துண்டு தருவார், நான் பருப்புக்கறி கொடுப்பேன். அவருக்கு உறைப்பு ஆகாது.

போன கிழமை வெட்டிய நிலத்தில் ஒரு மான் வந்து நின்றது. திருகோணமலைக் கோட்டை வாசலில் நிற்கும் நம் மான் என்ற நினைப்பில், "வா" என்று வாழைப்பழத்தோலை நீட்டிவிட்டேன். அது வெருண்டு ஓடியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இதை அக்காவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

இனி வீட்டு விஷயம். காரை விற்றுவிட்டேன். வேலைக்கு வாகனம் வந்து ஏற்றிப்போவதால் அது வீணாக நின்றது. இம்மாதக் காசு பத்து நாள் பிந்தும், யோசிக்க வேண்டாம். அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்கு உரியதைத் தனியாக வைத்திருக்கிறேன், அதில் ஒரு சதமும் குறையாது. ஐயருக்கு இப்போதே சொல்லிவையுங்கள். காணி உறுதியின் பிரதியை நில அளவையாளர் கேட்டால் பிரதி மட்டும் கொடுங்கள், மூலம் அலுமாரியை விட்டு வெளியே போகக்கூடாது. அறை கட்டுவதென்றால் தெருப்பக்கம் கட்டட்டும். கிணற்றுக்குப் பின்னால் அந்த வெறும் மண்ணுக்குத் தம்பி சீமெந்து போடவேண்டாம். சின்னத் தேனீக்கள் அங்கேதான் துளையிடும், சிறுவயதில் நான் பார்த்திருக்கிறேன்.

கொடித்தோடை பூத்துக் கொட்டுகிறது, காயில்லை என்று எழுதியிருந்தீர்கள். போன வருடம் கைமரத்தில் கருவண்டு போட்ட ஓட்டைகளைத் தம்பி அடைத்தான் அல்லவா? மஞ்சள் கொடித்தோடைக்கு மகரந்தம் சுமப்பது அந்தக் கருவண்டுதான், அதுவும் ஒரு தேனீயே. பூ மதியத்துக்குப் பிறகே விரியும். அதுவரை பொறுத்து, பக்கத்து வளவுக் கொடியின் பூவிலிருந்து மகரந்தத்தை விரலால் எடுத்து நம் பூவில் தடவச் சொல்லுங்கள். ஒரே கொடியின் மகரந்தம் பிடிக்காது. ஆட்டைத் திவசத்துக்குள் காய் பிடித்துவிடும்.

பழைய கைமரத்துண்டு ஒன்றை வேலியில் கட்டிவிடுங்கள். கருவண்டு திரும்பி வந்ததா, எத்தனை துளை போட்டது என்று சின்னவளை எண்ணி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் மூத்தவள்