ஒரு ஆளுக்கு எத்தனை கிழங்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ கேட்ட ஓவன் உருளைக்கிழங்குச் செய்முறையை வாட்ஸ்அப்பில் எழுத ஆரம்பித்தேன், பாதியிலேயே விரல் வலி. அதனால் தாளில் எழுதுகிறேன், தங்கச்சி படம் பிடித்து அனுப்புவாள்.

ஒரு ஆளுக்கு எத்தனை கிழங்கு என்று கேட்டிருந்தாய். ஒரு ஆளுக்காக ஓவனைச் சூடாக்குவது கரண்டுக்குத் தண்டம். இரண்டு பேருக்கே சொல்கிறேன். நடுத்தரக் கிழங்கு நாலு, ஏறக்குறைய 600 கிராம். இங்கே சுங்கை சிப்புட்டில் நான் ஹாலந்து கிழங்குதான் வாங்குகிறேன். உனக்கு அங்கே மெல்பர்னில் மண் ஒட்டினபடி விற்கிற செபாகோ போதும், மாவுக் கிழங்கு அது. மருமகள்தான் ஒருதரம் வீடியோவில் காட்டினாள். ஃபிரிட்ஜில் வைக்காதே. குளிரில் மாவு சர்க்கரையாக மாறும், அப்புறம் உள்ளே வேகுமுன் மேலே கறுத்துவிடும்.

தோல் சீவி, பெரிய துண்டாக வெட்டி, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் வைத்து அடுப்பை மூட்டு. கொதி வந்தபின் எட்டு நிமிடம். கத்தி ஓரத்தில் இறங்க வேண்டும், நடுவில் முட்ட வேண்டும். வடித்து, ஆவி போகும்வரை திறந்தே வை. பிறகு சட்டியை மூடி நன்றாகக் குலுக்கு. ஓரமெல்லாம் உதிர்ந்து சொரசொரப்பாகும், மொறுமொறுப்பு அங்கேதான் பிடிக்கும். இதை விட்டுவிட்டுத்தான் தங்கச்சி எப்போதும் சவசவ என்று செய்கிறாள்.

தட்டில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி முன்னாலேயே ஓவனில் காய வை. உள்ளே காற்றாடி ஓடுகிற ஓவன் என்றால் 200 டிகிரி, இல்லாவிட்டால் 220. முதலில் கிழங்கில் மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு, அந்தச் சூடான எண்ணெயில் வை. ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்பு. நெருக்கினால் தன் ஆவியிலேயே அவிந்து போகும். 25 நிமிடம் கழித்துத் திருப்பிப் போட்டு, ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி சோம்புத்தூள். மிளகாய்த்தூளை ஆரம்பத்திலேயே போட்டால் கருகிக் கசக்கும். இன்னும் 15 நிமிடம். தட்டின பூண்டும் கறிவேப்பிலையும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு. மருமகளுக்குக் காரம் ஆகாது, தட்டில் ஒரு பக்கம் தூளைக் குறைத்துப் போடு. பருப்பு ரசத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொட்டுக்கொள்ளல் இல்லை. ரசம் வைக்கச் சோம்பல்பட்டு வெறும் கிழங்கை மட்டும் தின்னாதே.

நீ கேட்டபோது இங்கே ராத்திரி பதினொன்று. அங்கே ஒரு மணி ஆகியிருக்கும். விடிந்தால் வேலைக்குப் போகிறவன் அந்த நேரத்தில் கிழங்கைப் பற்றியா கேட்பான்? வீடியோவில் பேசும்போது அந்தச் சின்ன அறையில் உட்காராதே, வெளிச்சமே இல்லை. முன்பு போல ஹாலில் உட்கார்ந்து பேசு.

அப்பாவின் முழங்கால் அப்படியேதான். வேறு செய்தி இல்லை.

மளிகைக் கடையில் யார் கேட்டாலும், மகன் மெல்பர்னில் இன்ஜினியர் என்று நானே முந்திக்கொண்டு சொல்வேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டின கையில் வளர்ந்த பிள்ளை, சொல்லாமல் இருப்பேனா? அடுத்து மருமகள் சுகமா என்று கேட்டால் செம்பனை விலைக்குப் பேச்சை மாற்றிவிடுகிறேன். என்ன சொல்ல, நீ எனக்கு ஒன்றும் சொல்வதில்லையே. தங்கச்சியிடம் மட்டும் ஒரு மணி நேரம் பேசுகிறாய். அவளும் வாயைத் திறப்பதில்லை. அண்ணனுக்கு ஏற்ற தங்கச்சி.

சரி, நேரத்துக்குச் சாப்பிடு. தட்டில் நெருக்காதே, இரண்டு தட்டாகவே வைத்துக்கொள். மிஞ்சினால் மறுநாள் மறுபடி ஓவனில் வை, மைக்ரோவேவில் வைத்தால் நமத்துப்போகும்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போகிறேன். அர்ச்சனைச் சீட்டில் வழக்கம்போல உங்கள் இரண்டு பேர் பெயரும் நட்சத்திரமும் எழுதச் சொல்வேன். வேறு மாதிரி எழுத வேண்டுமென்றால் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடு.

அம்மா