பழைய பதிவேடுகளைக் கழிக்கும் முன் ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள்

தலைவர் அவர்கள்,
பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு,
வார்ட் பிளேஸ், கொழும்பு 07.

விடயம்: பல்கலைக்கழகங்களின் பழைய மாணவர் பதிவேடுகளையும் பெறுபேற்று ஏடுகளையும் காப்பது தொடர்பான கோரிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு,

என் அம்மா 1976இல் பட்டம் பெற்றவர். சான்றிதழ் 1983 ஜூலையில் வெள்ளவத்தை வீட்டோடு சேர்ந்து எரிந்துபோனது. போன வருடம் என் மகள், "அம்மம்மா, நீங்க கம்பஸ் போனதுக்கு என்ன சாட்சி?" என்று விளையாட்டாகக் கேட்டாள். அம்மா சிரிக்கவில்லை. சரி, ஒரு பிரதி எடுத்துக் கொடுப்போம் என்று கிளம்பினேன்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதவில்லை, அங்குள்ளவர்களை மாட்டிவிடுவது என் நோக்கமில்லை. ஐந்து தடவை போனேன். மூன்றாம் தடவை, "அந்தக் காலத்தில் இது தனிப் பல்கலைக்கழகமே இல்லை, வேறு இடத்தில் கேளுங்கள்" என்றார்கள். அதுவும் உண்மைதான். 1972இல் எல்லாவற்றையும் இலங்கைப் பல்கலைக்கழகம் என்று ஒன்றாக்கி வளாகங்களாக நடத்தினார்கள், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் வந்துதான் மறுபடி தனித்தனியாகப் பிரிந்தன. அந்த இடைக்கால ஏடுகள் எது எவரிடம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கடைசியில் ஓய்வுபெறப் போகிற ஒரு எழுதுவினைஞர்தான் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையைத் திறந்தார். "76ஆ? பச்சை அட்டை" என்றார், கை நேராக அதில் போய் நின்றது. ஈரத்தில் தாள்கள் ஒட்டியிருந்தன, ஊசி துருப்பிடித்த இடமெல்லாம் பழுப்பு. அம்மாவின் பெயர் இருந்தது. பெறுபேறு எழுதிய ஓரத்தை இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. வெளியே வந்தால் வாசலில் கழிவுக் கடதாசி என்று எழுதிய மூட்டைகள், உள்ளே என்ன என்று யாரும் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி பொது அதிகாரசபைகள் தங்கள் பதிவுகளைப் பட்டியலிட்டு, தேடுவதற்குச் சுட்டியும் போட்டு வைக்க வேண்டும். சட்டம் வரும்போது இருந்த பதிவுகளைக் குறைந்தது 10 வருடம், புதியவற்றைக் குறைந்தது 12 வருடம் காக்க வேண்டும். அந்த 10 வருடக் கணக்கை வைத்து எங்காவது எறிந்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம். குறைந்தது என்றால் அதற்கு மேல் எறியலாம் என்று அர்த்தமில்லை.

ஆகவே எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். மாணவர் பதிவேடு, பெறுபேற்று ஏடு, மூதவை (செனட்), பேரவை (கவுன்சில்) கூட்டக் குறிப்புகள் ஒருபோதும் கழிக்கப்படக் கூடாது. லீவு விண்ணப்பமும் பழைய பற்றுச்சீட்டும் போனால் போகட்டும், ஆனால் எதைக் கழித்தாலும் முதலில் பட்டியல் போட்டு, தேசிய சுவடிகள் காப்பகத்தாரிடம் காட்டிய பிறகே. அந்தக் காப்பகமும் கொழும்பு 07இலேயே இருக்கிறது. 1972 முதல் 1978 வரையுள்ள ஏடுகள் எங்கெங்கே என்று ஒரே அட்டவணை வேண்டும். ஸ்கேன் பண்ணிவிட்டோம் என்று மட்டும் சொல்லாதீர்கள்; பெயரும் வருடமும் போடாத ஆயிரம் கோப்புக்குள் தேடுவதை விட அந்தப் படிக்கட்டு அறையே மேல்.

இன்னொன்று, அவசரம். அந்த எழுதுவினைஞர் டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் யாராவது ஒருவரைக் கொப்பியோடு அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
பழைய மாணவி ஒருவரின் மகள்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.