எஸ்டேட் மண் அணையின் அபாய வகைப்பாடு குறித்து ஒரு திறந்த மடல்

மாநில அணைப் பாதுகாப்பு அமைப்பின் பொறியாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊருக்கு மேலே, ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குச் சொந்தமான பழைய மண் அணை இருக்கிறது. கரையின் உயரம் ஏறத்தாழ எட்டு மீட்டர். நீர்ப்பரப்பு இரண்டு ஏக்கர். அதன் பாதுகாப்பு பற்றி மனு கொடுத்தபோது, 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டத்தில் இது வராது என்று ஓர் அலுவலகத்திலிருந்து ஒருவரிப் பதில் வந்தது. பதில் சரிதான். 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் 500 மீட்டர் கரை நீளம், பத்து லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றுக்காவது உட்பட்டவையும்தான் அச்சட்டத்தில் அடங்கும். தனியாருடையது என்பதால் அல்ல, குட்டையானது என்பதால் எங்கள் அணை விடுபடுகிறது.

ஆனால், அபாய வகைப்பாடு அணையின் உறுதியைச் சொல்வதல்ல. கரை உடைந்தால் கீழே இருப்பவர்களுக்கு என்ன நேரும் என்பதைச் சொல்வது. ஹவாயின் கவாய் தீவில் இருந்த கா லோகோ என்ற தனியார் மண் அணை, அரசுப் பதிவில் 'குறைந்த அபாயம்' என்றே இருந்தது. 2006 மார்ச் 14 அன்று விடியுமுன் அது உடைந்து ஏழு பேரைக் கொண்டுபோனது. அதன் கலிங்கு, அதாவது மிகுதி நீர் வழிந்து வெளியேறும் வழி, மண்ணால் தூர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று பின்னர் நடந்த விசாரணை கருதியது.

எங்கள் அணை கட்டப்பட்டபோது கீழே வெறும் காடுதான் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று அதே ஓடைக்கரையில் தொழிலாளர் குடியிருக்கும் இரண்டு வரிசை லைன் வீடுகளும் ஓர் அங்கன்வாடியும் இருக்கின்றன. சராசரி ஆழம் மூன்று மீட்டர்தான் என்று வைத்துக்கொண்டாலும், அவற்றின் தலைக்கு மேல் நிற்பது ஏறத்தாழ இரண்டு கோடியே நாற்பது லட்சம் லிட்டர் தண்ணீர்.

கோடையில் கூடுதலாகத் தண்ணீர் நிறுத்துவதற்காகக் கலிங்கின் குறுக்கே அடித்த பலகைகள் மழைக்காலத்திலும் எடுக்கப்படுவதில்லை. கரையின் மேல் சீகை மரங்கள் வளர்ந்திருக்கின்றன. வெட்டிய மரங்களின் வேர் உள்ளே மக்கினால் தண்ணீருக்கு அதுவே வழியாகிவிடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பயமுறுத்துவது கரையின் அடிவாரக் கசிவுதான். தெளிந்த நீர் கசிவது மண் கரைகளில் இயல்பு என்று நானும் அறிவேன். சென்ற மழைக்குப் பின் ஒரு பாட்டிலில் பிடித்து வைத்த நீரில், மறுநாள் காலை அரை விரல் உயரத்துக்கு வண்டல் படிந்திருந்தது. மழைநீர் கலந்திருக்கலாம், கரையின் உள்மண்ணாகவும் இருக்கலாம். எதுவென்று சொல்லும் தகுதி எனக்கில்லை, உங்களுக்கு உண்டு.

சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய பகுதிகளைக் கண்டறிந்து தடுப்பு நடவடிக்கை எடுக்கும் பொறுப்பை, 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆணையத்துக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது. அந்த ஆணையத்துடன் இணைந்து, கீழே உள்ள வீடுகளை எண்ணி இந்த அணைக்கு ஒரு வகைப்பாடு கொடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் பலகைகளை எடுக்கச் சொல்லுங்கள். எஸ்டேட் கேட் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். ஆனால் கசிவு இருக்கும் இடத்துக்கு ஓடை வழியாகவே வந்துவிடலாம், அங்கன்வாடியிலிருந்து பத்து நிமிட நடைதான்.

இப்படிக்கு,
அணைக்குக் கீழே குடியிருக்கும் ஒருவர்