படிக்கத்தான் என்றால் இ-ரீடரே போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைக்கு டேப்லெட் வாங்குவதா, மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள கருவியான இ-ரீடர் வாங்குவதா என்று யோசிக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

என் ஒன்பது வயது மகளுக்கு முதலில் டேப்லெட்தான் வாங்கினோம். கதையில் நாலாவது பக்கம் வந்திருப்பாள். திரையின் மேலிருந்து ஓர் அறிவிப்பு இறங்கும். விரல் அங்கே போய்விடும். அப்புறம் கதை எங்கே?

இப்போது இ-ரீடர். பக்கம் திருப்பும்போது திரை ஒரு கணம் கறுத்துத் தெளிகிறது, அதைத் தவிர கண்ணை இழுக்க அதில் ஒன்றுமில்லை. உள்ளே கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் மின்விசையால் இடம் மாறித்தான் எழுத்தாகின்றன. எழுத்து மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவை என்பதால் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கிறது. ஜன்னலோர வெயிலிலும் எழுத்து பளிச்சென்று தெரிகிறது. தெரியாத சொல்லை அழுத்திப் பிடித்தால் அகராதி வருகிறது. பொருள் கேட்டு என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

படக்கதைகள் மட்டும் கறுப்பு வெள்ளைத் திரையில் சோபிக்கவில்லை. படம் பார்க்கும் வயதுக் குழந்தைக்கு அச்சுப் புத்தகமே சரி. வரையவும் வீடியோ பாடம் பார்க்கவும் டேப்லெட் வேண்டியிருக்கிறது. அது கூடத்தில் இருக்கிறது. படுக்கைக்கு இ-ரீடர் மட்டும்தான் போகிறது. நேற்று இரவு, "இன்னும் ஒரே ஒரு அத்தியாயம், அம்மா" என்றாள். சரி என்றேன்.

- ஒரு தாய்