கவர் மாட்டாமல் மிஷினை ஏன் திருப்பித் தருவதில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சர்வீஸுக்கு வரும் தட்டு வெட்டும் மிஷின் (மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்குவது), கதிரடிக்கும் மிஷின் எதையும் பெல்ட் கவரும், கதிரோ தட்டோ உள்ளே தள்ளும் வாய்த்தட்டுக்கு மூடியும் மாட்டாமல் இனி நாங்கள் திருப்பித் தருவதில்லை. கவருக்கும் சேர்த்துக் காசு கேட்கிறோம் என்று உங்களில் சிலருக்கு வருத்தம். அதற்காகத்தான் இந்த மடல்.

போன வாரம் வந்த ஒரு மிஷினில் கவர் போல்ட் நான்கும் இல்லை. ஓட்டைகளில் துரு ஏறிக் கிடந்தது. பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் இடுக்கில் சாயம் போன சேலைத் துணி, ஒரு விரல் நீளம். "அம்மா முந்தானைங்க. நல்லவேளை, கிழிஞ்சு வந்துருச்சு" என்றார் கொண்டுவந்த தம்பி. அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நம்ம தோட்டம், நம்ம மிஷின், யார் கேக்கப் போறாங்க?" என்கிறீர்கள். கூலிக்கு ஆள் வைத்தால் சட்டம் கேட்கும்; வேலையில் அவருக்கு அடிபட்டால் இழப்பீடு தருவது வேலைக்கு வைத்தவர் பொறுப்பு. டிராக்டரிலோ கரண்டிலோ ஓடும் எந்திரத்தை வைத்துச் செய்யும் விவசாய வேலையும் 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. ஒரே நாள் வேலைக்கு வந்தவர் என்று தட்டிக்கழிக்க முடியாது. "எது நடந்தாலும் என் பொறுப்பு" என்று வேலையாளிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிய கையெழுத்தும் செல்லாது.

இதில் கவருக்கு என்ன வேலை என்றால், பாதுகாப்புக்கு மாட்டியிருந்ததை வேலையாளே வேண்டுமென்று கழற்றினார் என்று காட்டினால் முதலாளிக்கு ஒரு தற்காப்பு உண்டு. உயிர் போனாலோ, ஆயுசுக்கும் முழுக்க முடங்கினாலோ அதுவும் எடுபடாது. கழற்றியதே நீங்கள் என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

எங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. கதிரடிக்கும் மிஷின் போன்றவற்றுக்காக 1983இல் வந்த அபாயகரமான எந்திரங்கள் சட்டம் செய்பவர், விற்பவர், வைத்து ஓட்டுபவர் மூவரையும் கட்டுப்படுத்துகிறது. கதிர் கொடுக்கும் வாய்த்தட்டு 90 சென்டிமீட்டர் நீளம், அதில் 45 சென்டிமீட்டர் மூடி என்பது வெறும் அலங்காரக் கணக்கல்ல. கை நீட்டினாலும் உள்ளே சுழலும் டிரம்மை எட்டக் கூடாது என்று போட்ட கணக்கு. வேகமாகக் கதிர் தள்ளலாம் என்று அதை வெட்டிக் குறைத்துத் தரச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. செய்ய மாட்டோம்.

வீட்டு ஆட்களை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கவலை. கூலியில்லாமல் தட்டு வெட்டும் உங்கள் மனைவிக்கோ மகனுக்கோ இந்த இழப்பீட்டுச் சட்டம் கைகொடுக்காது. விரல் போனால் செலவும் நோவும் அந்த வீட்டோடுதான்.

பழைய கவர் தொழுவத்து மூலையில் கிடந்தால் நசுங்கியிருந்தாலும் எடுத்து வாருங்கள். தட்டி நிமிர்த்தி, புது போல்ட் போட்டு, கூலி வாங்காமல் மாட்டித் தருகிறோம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து