கெப்போங் காட்டு நடைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

நம் அடுக்குமாடியின் பெரியவர்களும் பிள்ளைகளும் கோலாலம்பூர் அருகே கெப்போங்கில் இருக்கும் மலேசிய வன ஆய்வுக் கழகத்துக் காட்டுக்குப் போய்வந்த ஞாயிறு நடை நல்லபடியாக முடிந்தது. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு கும்பிடு போட்டால் போதும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பேருந்து ஓட்டிய அண்ணன் டீசல் காசு மட்டும்தான் வாங்கினார். பாட்டிமார் ஏறி இறங்க ஒவ்வொரு முறையும் முக்காலி எடுத்துப் போட்டதும் அவரே. இருட்டிலேயே எழுந்து நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கட்டிய அக்காமார்களே, பிள்ளைகளுக்குச் சம்பல் காரம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் பசியாறல் முடிந்தபோது ஒரு பொட்டலம்கூட மிஞ்சவில்லை.

வழி காட்டிய தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இது தானாக வளர்ந்த காடு அல்ல, வெள்ளீயம் தோண்டிவிட்டுப் போன வெறும் நிலத்தில் 1920களின் கடைசியிலிருந்து கன்று நட்டு வளர்த்தது என்று அவர் சொன்னதும், பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் ஆர்வம் வந்தது. ரப்பர் தோட்டத்து மர வரிசைகளில் நிரை பிடித்து வேலை செய்தவர்கள் ஆயிற்றே! ஒரு தாத்தா கைத்தடியை நீட்டி, நட்ட வரிசை இன்னும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த செய்திக்கு அவரிடமிருந்து ஒரு "சரி" மட்டும் கிடைத்தது.

கபூர் மரங்களுக்கடியில் எல்லாரும் அண்ணாந்து நின்றோம். பக்கத்துப் பக்கத்து மரங்கள், ஆனால் ஒன்றின் உச்சி இன்னொன்றைத் தொடவில்லை. நடுவே வானம் கோடு கோடாகத் தெரிகிறது. அண்டை மரத்தின் நிழல் பட்டதும் துளிர் வளர்வதை நிறுத்திக்கொள்வதால் இப்படி இருக்கலாம் என்று இங்கே ஆய்வு செய்தவர்கள் கருதினார்கள் என்றார் தம்பி. "ஒரே வீட்டில் பேச்சில்லாத மாமியார் மருமகள் மாதிரி" என்றார் ஒரு பாட்டி. கீழே கிடந்த இலையைக் கசக்கி மூக்கருகே வைத்தவரும் அவர்தான். பழைய காலத்தில் கப்பலேறிப் போன கற்பூரம் இந்த மரத்திலிருந்து எடுத்தது என்று கேட்டதும், இலையை முந்தானையில் முடிந்துகொண்டார்.

முதல் நாள் மழை பெய்திருந்ததால் அட்டைகள் காத்திருந்தன. பிள்ளைகள் கூச்சல் போட, புகையிலைத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து எல்லார் காலுறையிலும் தடவிவிட்ட பெரியம்மாவுக்கு என் கும்பிடு. தோட்டத்துக் கைவைத்தியம் வீண்போகவில்லை.

அப்புறம் லோத்தோங் குரங்குகள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், உடம்பெல்லாம் சாம்பல் நிறம், மடியில் மட்டும் ஆரஞ்சு நிறக் குட்டி. குட்டியைக் கண்டதும் பிள்ளைகளை வாய்மூடி நிற்கவைத்த தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு என்ன கைம்மாறு செய்வது? நெகிழிப் பையை நோட்டமிட்டு வந்த நீள்வால் குரங்குகளிடமிருந்து பொட்டலங்களைக் காப்பாற்றிய இளைஞர்களையும் மறக்கவில்லை.

அந்த ஈயக்காட்டு மண்ணில் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, களை பிடுங்கியவர்களுக்கும் இந்த மடலில் ஓர் இடம் உண்டு. தாத்தா கேட்டுக்கொண்டபடி எழுதுகிறேன்.

பேருந்தில் ஒரு நீலக் குடையும் ஒற்றைக் காலுறையும் கிடந்தன. உரியவர்கள் கீழ்மாடி மளிகைக் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
நடைக்குழு சார்பாக